மூவாயிரம் அடி உயரத்துக்காரர்கள்

ஜூன் 17, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். மலைக்குப் போட்டுப்போன சட்டைகள் இன்னும் காயவில்லை. வீடு முழுக்க ஈர வாடை.

பனிமலைக் குகைக் கோயிலைப் பார்க்காமல் திரும்பியதில் எனக்கு வருத்தமா, இல்லையா? ஊர் திரும்பியதிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். தெரியவில்லை. சாமிக்காகப் போகவில்லை. கூட்டத்தோடு படமெடுத்துக்கொள்ளவும் போகவில்லை. ஆனால் கடைசிச் சரிவின் கீழே நின்று, பனிக்கு நடுவில் அந்தக் கறுப்பு வாயை அண்ணாந்து பார்த்தது கண்ணை விட்டுப் போக மறுக்கிறது.

கோபமா என்று யாராவது கேட்டால் உடனே பதில் சொல்வேன்.

வலது கால் கட்டைவிரல் நகம் கறுத்துவிட்டது. விழும்போல. விடைத்தாள் திருத்தும் வேலை அப்படியே கிடக்கிறது.

ஜூன் 18, புதன்

வெயில், மழை, மறுபடி வெயில். காக்ஸ் டவுன் மார்க்கெட்டில் பீன்ஸ், நூல்கோல். கொத்தமல்லி மறந்துபோனது.

மதியம் எங்கள் குடியிருப்பின் வாட்ஸாப்பில் முரளி. நாலாவது மாடி, ஐ.டி. மேனேஜர், பயணத்துக்குத் தலைவர். அவர் எழுதியது: “ஒருவரின் போதிய பயிற்சியின்மையால் இருவர் குகையை அடைய இயலவில்லை. மற்ற அனைவரும் வெற்றி!” கீழே கைதட்டல் பொம்மைகள் வரிசையாக.

அந்த ‘ஒருவர்’ இரண்டாவது மாடி விமலாக்கா. பள்ளிக்கூட டீச்சர். போகுமுன் இரண்டு மாதம், முதுகுப் பையில் துவரம்பருப்பை நிரப்பிக்கொண்டு தினமும் படி ஏறி இறங்கியவர். முரளி அவரைப் பார்த்துக் கையாட்டிவிட்டு லிஃப்டில் போவார்.

பயிற்சியின்மையாம்.

மேல் முகாமில் ஒரு நாள் ஓய்வு என்று திட்டத்திலேயே இருந்தது. உடம்பு உயரத்துக்குப் பழக வேண்டுமென்றுதான். முரளி அதை ரத்து செய்தார். ஆபீஸ் லீவு மிச்சமாகுமாம். “நாம பெங்களூர்காரங்க மேடம். சும்மா உக்காந்திருந்தாலே மூவாயிரம் அடி. சென்னைக்காரங்களுக்குத்தான் இந்த ரெஸ்ட் எல்லாம்.” எல்லோருக்கும் சிரிப்பு. மூவாயிரத்தில் இருந்து பழகியது பன்னிரண்டாயிரத்தில் உதவாது என்றேன். “ஐயோ, கெமிஸ்ட்ரி கிளாஸ் ஆரம்பிச்சுட்டாங்க!” இன்னும் பெரிய சிரிப்பு. இவர் ஆம்பூரிலிருந்து வந்தே பத்து வருடம் இருக்காது.

மறுநாள் காலை, சரளைக்கல் சரிவு. ஒரு அடி வைத்தால் அரை அடி வழுக்கும். விமலாக்காவுக்குத் தலைவலி, பிறகு வாந்தி, பிறகு குடித்தவர்போல் கால் தடுமாற்றம். முரளி வந்து பார்த்தார். அக்காவிடம் பேசவில்லை, அக்கா தலைக்கு மேலே எங்களிடம் பேசினார். “இன்னும் கொஞ்ச தூரம்தான். இவங்க இங்கயே உக்காந்திருக்கட்டும். திரும்பி வரும்போது கூட்டிட்டுப் போகலாம்.”

மூட்டையைப் பற்றிப் பேசுவதுபோல.

உடனே கீழே இறக்க வேண்டும் என்றேன். “அப்ப நீங்க இறங்குங்க மேடம்.” போகிறபோது முரளி, பக்கத்தில் இருந்த அக்காவின் ஸ்டீல் ஃபிளாஸ்க்கை எடுத்துக்கொண்டார். “மேல குளிரும். நீங்க கீழதானே போறீங்க.” காலையில் அக்கா வரிசையில் நின்று பிடித்த சுடுதண்ணீர் அதில் இருந்தது.

நானும் முகாம் உதவியாளர் ஒருவரும் இரண்டு பக்கமும் தாங்கி இறக்கினோம். வழியில் அக்கா சுடுதண்ணீர் கேட்டார். என் பாட்டிலில் இருந்தது ஐஸ். கீழ் முகாமுக்கு வந்த சில மணி நேரத்தில் எழுந்து உட்கார்ந்து ரொட்டி சாப்பிட்டார். பயிற்சி குறைவென்றால் இறங்கினதும் சரியாகிவிடுமா?

இதையெல்லாம் என் கணவர் குமாரிடம் சொன்னேன். டிவியைப் பார்த்தபடி, “விடும்மா, அபார்ட்மென்ட் பாலிடிக்ஸ்.”

ஜூன் 20, வெள்ளி

நேற்றிரவு பெரிய மழை. லிஃப்ட் மறுபடி நின்றுவிட்டது. படியில் இறங்கி விமலாக்கா வீட்டுக்குப் போனேன்.

காலை நடையை நிறுத்திவிட்டார். ஷூவைப் பரணில் போட்டாயிற்று.

“என் பொண்ணு போன்ல கத்துறா. உன் வயசுக்கு இதெல்லாம் தேவையாங்கிறா. முரளி போட்டதை யாரோ அவளுக்கு அனுப்பியிருக்காங்க.”

“அவர் போட்டது பொய், அக்கா.”

“என்னாலதானே நீயும் பார்க்காம வந்தே? அது பொய்யில்லையே.”

குகை ஒன்றும் பெரிதில்லை என்றேன். நம்பவில்லை. நானும்தான்.

காபி நன்றாக இருந்தது. அதைச் சொல்லாமல் வந்துவிட்டேன்.

ஜூன் 21, சனி

மேகமூட்டம். கறுத்த நகம் பாதி தூக்கிக்கொண்டது. பிளாஸ்திரி.

சாயங்காலம் சங்கச் செயலாளர் கௌடா கதவைத் தட்டினார். நாளை ஹாலில் மலையேறியவர்களுக்குப் பாராட்டு. மாலை, சால்வை, மைசூர் பேட்டா என்கிற ஜரிகைத் தலைப்பாகை. இந்த ஊரில் யார் எதைச் சாதித்தாலும் தலையில் அந்தப் பேட்டாவை வைத்தால்தான் முடியும். கௌடா நெளிந்தார்.

“மேடம், பேட்டா மேல போனவங்களுக்கு மட்டும். உங்க ரெண்டு பேருக்கும் சால்வைன்னு முரளி சார் சொல்லிட்டாரு. பேஜார் பண்ணிக்காதீங்க, ஆய்த்தா?” வருத்தப்படக் கூடாதாம், சரியா என்கிறார்.

ஆறுதல் பரிசு!

நாளை மைக்கில் இரண்டு வாக்கியம் சொல்லப்போகிறேன். ஒன்று: ஓய்வு நாளை ரத்து செய்தது யார். இரண்டு: நோயாளியை விட்டுவிட்டு மேலே போனது யார். குளிக்கும்போது சொல்லிப் பார்த்தேன். குரல் நடுங்குகிறது. இருபத்தைந்து வருடம் வகுப்பெடுத்த குரல். வெட்கக்கேடு.

குமார்: “நீயா? மைக்லயா?”

ஜூன் 22, ஞாயிறு

நடந்தது நடந்தபடி.

ஹால் நிறைந்திருந்தது. லிஃப்ட் இன்னும் ஓடவில்லை. கேசரி பாத், போண்டா. முரளி பேட்டாவோடு பேசினார். மூவாயிரம் அடி ஜோக்கைத் திரும்பவும் சொன்னார். சிரித்தார்கள். பிறகு, “முயற்சி பண்ணினவங்களையும் மறக்கக் கூடாது” என்று விமலாக்காவை அழைத்தார். அடுத்தது நான்.

அக்கா மேடையேறினார். சால்வையை வாங்கி, மடித்து, நாற்காலி மேல் வைத்தார். மைக் முன்னால் போய் நின்றார்.

“முரளி, சால்வை இருக்கட்டும்ப்பா. அன்னிக்கு நான் வாந்தியெடுத்துட்டு உக்காந்திருந்தப்போ என் பக்கத்துலேர்ந்து ஃபிளாஸ்க்கை எடுத்துட்டுப் போனியே, சுடுதண்ணியோட. அதைக் குடுத்துடு.”

ஒருவர் சிரிக்க ஆரம்பித்து நிறுத்தினார். முன்வரிசையில் முரளியின் மனைவி: “ஏங்க, அது அவங்களோடதா? வாங்கினேன்னு சொன்னீங்க?”

“நாளைக்குக் கொண்டுவந்து தர்றேன் மேடம்.”

“இப்பவே கொண்டா. நான் இங்கயே உக்காந்திருக்கேன்.”

உட்கார்ந்தும் விட்டார், மேடையிலேயே.

முரளி பேட்டாவைக் கழற்றக்கூட மறந்து படியேறினார். நாலு மாடி. கௌடா மைக்கை ஊதிப் பார்த்தார். போண்டா ஆறியது. என் இரண்டு வாக்கியங்களும் தொண்டையில் அப்படியே இருந்தன. தேவைப்படவில்லை.

முரளி ஃபிளாஸ்க்கோடு இறங்கி வந்தபோது வாய் திறந்திருந்தது, மூச்சு இரைத்தது. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். பேட்டா ஒரு காது மேல் சரிந்திருந்தது.

அக்கா வாங்கி, மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தார். என் பக்கம் திரும்பினார்.

“கழுவக்கூட இல்லடி.”

மைக் அணைக்கப்படவில்லை.