உதட்டால் நடந்த வியாபாரம்

1977 பிப்ரவரி 14, திங்கள். மேஃபீல்ட்.

கொளுத்தும் வெயில். மதியம் கிளெமுக்கு இறைச்சி அடைத்த ரொட்டியைச் சூடாக்கி ஆலைக்கு எடுத்துப்போனேன். கம்பி முறுக்கும் இயந்திரத்தின் அந்தக் கோடியில் நின்றிருந்தான். 'சாஸ் தீந்துபோச்சு' என்று உதட்டை அசைத்தேன். அங்கிருந்தே 'புளுகாத' என்றது அவன் உதடு. புளுகுதான். பாட்டில் என் கைப்பையில் இருந்தது.

ஆலைக்குள் யார் குரலும் யாருக்கும் எட்டாது. கம்பிகளைப் புரியாக்கி, புரிகளை வடமாக்கும் அந்த இரைச்சலில் எல்லோருக்கும் உதடும் கையும்தான் பேச்சு. என் கணவன் அங்கே ராஜா.

பிறகு நாங்கள் கேட்ட கடன் விஷயமாக வங்கியிலிருந்து ஸ்டோக்ஸ் வந்தார். அமைதியான ஆபீஸ் அறை. பேப்பரைப் பார்த்தபடியே முனகுகிற ஆள்.

"ஃபுட்ஸ்க்ரே ஆலையை வாங்கினப்புறம் அங்க எத்தன பேர வீட்டுக்கு அனுப்புவீங்க?"

"எல்லாரையும்" என்றான் கிளெம். எத்தனை பேரை வைத்துக்கொள்வீர்கள் என்று கேட்பதாக நினைத்துவிட்டான். ஸ்டோக்ஸின் முகம் மலர்ந்ததே, பார்க்க வேண்டும். "எங்க வீட்டுக்காரருக்கு எப்பவும் விளையாட்டு" என்று சிரித்துச் சமாளித்தேன்.

பிப்ரவரி 16

கிளெமுக்குக் காது கேட்பதில்லை. எழுதிவிட்டேன். எழுதினால் நிஜமாகிவிடும் என்று இத்தனை நாள் பயந்துகொண்டிருந்தேன்.

மார்ச் 3

துறைமுகத்துப் பக்கம் வாடகைக் கொட்டகையில், யாரோ கழித்துப்போட்ட ஒரே இயந்திரத்தோடு தொடங்கினோம். முதலில் மீன்பிடிப் படகுகளுக்கு, பிறகு கிரேன்களுக்கு. அப்புறம் பள்ளத்தாக்கில் நிலக்கரிச் சுரங்கங்கள் திறந்தன. அந்த ராட்சத மண்வாரிகள் வடத்தைத் தின்று தீர்க்கின்றன. இப்போது க்வீன்ஸ்லாந்துச் சுரங்கங்களும் கேட்கின்றன. அவ்வளவு பருமனான வடம் முறுக்க எங்களிடம் இயந்திரம் இல்லை. மெல்போர்னில், ஃபுட்ஸ்க்ரேயில் இருக்கிறது. அதன் முதலாளி செத்துப்போய், மனைவி திருமதி என்ட்விசில் விற்கப் பார்க்கிறாள். வங்கிக் கடன் இல்லாமல் நாங்கள் வாங்க முடியாது.

இன்று ஸ்டோக்ஸ் போனில்: "கம்பெனி பெருசாகுதுல்ல? நிர்வாகத்துக்கு சிட்னிலேருந்து ஒரு இளைஞரப் போட்டுக்கலாம். மிஸ்டர் கிளெம் டன்ஸ்டருக்கு ஒரு கௌரவப் பதவி. சமீபமா அவரு கொஞ்சம்... மந்தமா இருக்காரே?"

மந்தமா! யாரு மந்தம்? கொட்டகையில தூங்கி எழுந்து இந்தக் கம்பெனிய வளர்த்தவனையா சொல்ற?

கிளெமிடம் சொன்னேன். "கௌரவம்னா என்ன? ஒரு நாற்காலியும் டீயுமா?" என்றான். காது டாக்டரைப் பார்க்கலாம் என்றேன். அவன் முகம் சுருங்கிப்போயிற்று.

"காதுல ஒரு மெஷின மாட்டிக்கிட்டுப் போய் உக்காந்தா, அவனுங்க அந்த மெஷின்கிட்டதான் பேசுவானுங்க, வின்னி."

மார்ச் 21

மெல்போர்னில் விலை பேசும்போது நான் அவனுக்கு நேர் எதிரே உட்காருவது, யார் பேசினாலும் சத்தமில்லாமல் உதட்டால் சொல்லிக்கொண்டே இருப்பது — இதுதான் திட்டம். சமையலறை மேசையில் ஒத்திகை பார்த்தோம். 'பங்கு விகிதம்' என்றேன். 'பன்றிக் கொழுப்பா?' என்றான். வேண்டுமென்றேதான்.

மார்ச் 24. மெல்போர்ன்.

எங்கிருந்து தொடங்க? முகம் இன்னும் எரிகிறது.

ஹில்டா என்ட்விசில் குள்ளமான, ஊதாக் கம்பளிச் சட்டை போட்ட கிழவி. பிஸ்கட் தட்டை நகர்த்தி நகர்த்தி எங்களைச் சாப்பிடச் சொன்னாள். ஸ்டோக்ஸ் வழக்கம்போல் முனகினார். நான் உதட்டால் சொல்ல, கிளெம் டக் டக்கென்று பதில் சொன்னான். மந்தமாம்! எனக்குக் கொஞ்சம் தலைகால் புரியவில்லை. திமிரில் அவனுக்கு ஒரு யோசனையும் சொன்னேன்: 'கிழவி பயந்துபோயிருக்கா. விலைய இறக்கு.'

டீ ஊற்றிக்கொண்டிருந்தவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவள் உதடு அசைந்தது. சத்தமே இல்லை.

'கிழவி பயப்படல, கண்ணு. விலையும் இறங்காது.'

என் டீ மடியில் கொட்டியது. ஸ்டோக்ஸ் கைக்குட்டையை நீட்டினார். அவருக்கு ஒன்றும் தெரியாது.

பாவாடைப் பருவத்திலிருந்து லங்காஷயரில் பஞ்சாலைத் தறிகளுக்கு நடுவே வளர்ந்தவளாம். அங்கேயும் உதடுதான் பேச்சு. எனக்கு எப்படித் தோன்றாமல் போனது?

அப்புறம் கிளெமைப் பார்த்து, மெதுவாக: 'எவ்வளவு நாளா கேக்கல?'

அவன் மறைக்கவில்லை. 'பத்து வருஷம் இருக்கும்.'

பத்து! நான் மூன்று நாலு வருடம் என்று நினைத்திருந்தேன். என்னிடம் சொல்லாததை, டீ ஊற்றுகிற ஒருத்தியிடம் போய்ச் சொல்கிறான்.

மார்ச் 25. ரயிலில்.

பாதி வழிவரை நான் பேசவில்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தேன். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டால் அவனோடு பேச்சே கிடையாது என்பது பிறகுதான் உறைத்தது. திரும்பினேன்.

"ஏன் சொல்லல?"

"சொன்னா நீ கத்திப் பேச ஆரம்பிச்சிருவ."

"அதுக்காகவா?"

"செவிட்டு ஆளுங்ககிட்ட எல்லாரும் கத்துறாங்க, வின்னி. நீ என்னைப் பாத்துப் பேசுற. அது போயிரும்னு பயம்."

கழிவறைக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன்.

ஏப்ரல் 2

அந்தக் கிழவி ஸ்டோக்ஸிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். கிளெம் நாற்காலிக்கும் டீக்கும் போய்விடுவான்.

ஏப்ரல் 12

ஹில்டா போன் செய்தாள். பணம் முழுக்க வேண்டாமாம். பாதிக்குப் புதிய கம்பெனியில் பங்கு, இயக்குநர் குழுவில் ஓர் இடம். தலைமையில் கிளெம்தான் இருக்க வேண்டுமாம், வேறு யாருக்கும் விற்க மாட்டாளாம். என்னால் நம்பவே முடியவில்லை.

"என் ஆளுங்கள்ல பாதிப்பேருக்குக் காது போச்சு, கண்ணு. நல்ல காது இருக்கிற எந்த முதலாளியும் அவங்க சொல்றதக் கேட்டதில்ல. என் வீட்டுக்காரரையும் சேத்துத்தான் சொல்றேன்."

"அவர்கிட்ட சொல்றேன், இப்பவே..."

"இரு. ஒண்ணு இருக்கு. காது கேக்காதுன்னு பேங்க்காரன்கிட்ட அவரே வாயால சொல்லணும். ஒளிச்சு வச்சு ஓட்டுற கம்பெனிக்கு நான் வர மாட்டேன்."

ஏப்ரல் 13

கிளெம் சாப்பிடவில்லை. "சுலபமா சொல்லிட்டா, கிழவி" என்றான். பிறகு தோட்டத்துக்குப் போய் இருட்டும்வரை ஒரே ரோஜாச் செடியை வெட்டிக்கொண்டிருந்தான். செடி மிச்சமில்லை.

ஏப்ரல் 19. சிட்னி.

சொல்லிவிட்டான்.

வங்கியில் ஸ்டோக்ஸ் முன் எழுந்து நின்று, வழக்கத்தைவிடச் சத்தமாக: "எனக்குக் காது கேக்காது. பத்து வருஷமா. பேப்பரப் பாத்துப் பேசாதீங்க, என் முகத்தப் பாத்துப் பேசுங்க."

ஸ்டோக்ஸ் பேப்பரைக் கீழே வைத்தார். பிறகு தெருவுக்கே கேட்கும்படி: "ஆகட்டும் மிஸ்டர் டன்ஸ்டர்! ரொம்ப வருத்தமா இருக்கு!"

"கத்தாதீங்க. அதுவும் கேக்காது."

சிட்னி இளைஞனைப் பற்றி ஸ்டோக்ஸ் மெல்லத் தொடங்கினார். கிளெம் இல்லாவிட்டால் ஹில்டா விற்க மாட்டாள், ஹில்டா விற்காவிட்டால் கடனுக்கே வேலையில்லை என்று நான் சொன்னேன். பேச்சு அதோடு நின்றது. மேசைக்கடியில் கிளெமின் கையைத் தேடிப் பிடித்தேன். ஐஸாக இருந்தது.

மே 30

ஒப்பந்தம் கையெழுத்தானது. மழை.

செப்டம்பர் 8

இரண்டு ஆலையும் ஒன்றான பிறகு முதல் இயக்குநர் கூட்டம், இங்கேயே. கிளெம் புது காது மெஷினோடு வந்தான். ஹில்டா விடாமல் நச்சரித்து டாக்டரிடம் போகவைத்தாள். நான் சொன்னால் கேட்டானா?

ஸ்டோக்ஸ் பேப்பர்களை அடுக்கிக்கொண்டிருந்தபோது, க்வீன்ஸ்லாந்தில் கிடங்கு வைப்பதா என்று எங்கள் மூன்று பேருக்கும் உதட்டிலேயே பெரிய சண்டை. ஹில்டா என்னைக் 'கஞ்சம்' என்றாள். நான் அவளைச் சொன்னதை இங்கே எழுத முடியாது. கடைசியில் கிளெம் பக்கம் சாய்ந்தோம்.

ஸ்டோக்ஸ் நிமிர்ந்தார். "சரி, க்வீன்ஸ்லாந்து விஷயத்த ஆரம்பிக்கலாமா?"

"முடிஞ்சிருச்சே" என்றான் கிளெம்.

நாள் முழுக்க எல்லோர் பேச்சும் அவனுக்கு நன்றாகவே கேட்டது. வீட்டுக்கு வந்ததும் மெஷினைக் கழற்றிப் பழத்தட்டில் போட்டான். நாற்காலியை என் பக்கம் திருப்பி, முட்டி இடிக்க உட்கார்ந்தான்.

"ம். இப்ப நீ பேசு."