நீ போட்டாத்தான் நான்

பிப்ரவரி 11

அன்புள்ள அண்ணிக்கு,

வீட்டுக்கு எழுதாமல் உங்கள் கண்ணாடிக் கடை முகவரிக்கு எழுதுகிறேன், தப்பாக நினைக்காதீர்கள். ஃபோனில் பேசினால் அண்ணன் ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறார். இது நாலு காது கேட்கிற பேச்சு இல்லை.

போன வாரம் பேசும்போது அப்பா மறதியில் என்னிடம், "பள்ளிக்கூடம் விட்டு வந்துட்டியா?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தீர்கள். நானும் சிரித்துவிட்டு, "மாத்திரை போட்டீங்களாப்பா?" என்றேன். "அதெல்லாம் எப்பவோ நிறுத்தச் சொல்லிட்டாங்களே" என்றார்.

யாரும் நிறுத்தச் சொல்லவில்லை அண்ணி. அவர் சட்டைகளுக்குப் பின்னால் இருக்கும் வெள்ளை டப்பா சத்து மாத்திரை இல்லை. அப்பாவுக்கு எச்.ஐ.வி. இருக்கிறது. எப்படி வந்தது என்று கேட்காதீர்கள், நானும் கேட்டதில்லை. பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்த காலத்திலிருந்தே, காலைச் சாப்பாடு முடிந்த கையோடு ஒன்று போட்டுக்கொள்வார். காய்ச்சலானாலும் கல்யாண வீடானாலும் தவறாது. தினமும் நேரத்துக்குப் போட்டால் கிருமி தூங்கிக் கிடக்கும். விட்டுவிட்டுப் போட்டால் அது மருந்துக்கே பழகிவிடும். அப்புறம் அந்த மாத்திரை வெறும் சுண்ணாம்பு.

பிள்ளைகளைப் பற்றிப் பயப்பட வேண்டாம். தட்டிலோ டம்ளரிலோ மடியிலோ இது ஒட்டாது.

அண்ணனுக்குத் தெரியாது. சொல்லக் கூடாது என்று அப்பா என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். தினமும் காலையில் உங்கள் கையால் ஒன்று கொடுங்கள். நான் இங்கே ஓட்டல் சலவைக்கூடத்தில் போர்வை மடித்துக்கொண்டிருக்கிறேன். ஒப்பந்தம் முடியாமல் விடமாட்டார்கள். கையை நீட்டினால் எட்டுகிற தூரமா இது?

உங்கள் தலையில் கல்லை ஏற்றிவிட்ட,
பாப்பா

மார்ச் 3

பாப்பாவுக்கு,

உறையை நீட்டும்போது முதலாளி, "வெளிநாட்டுல உங்களுக்கு யாரும்மா ரசிகர்?" என்றார். சிரித்துக்கொண்டே பிரித்தேன். அன்றைக்கு அப்புறம் ஒரு லென்ஸ்கூட என் கையில் ஃபிரேமுக்குள் உட்காரவில்லை.

உன்மேல் எனக்குக் கோபம். சின்னவன் மாமாவின் தட்டில்தான் சாப்பிடுவான் என்று உனக்குத் தெரியும். ஒட்டாது என்றால் ஒட்டாது, அதை அப்போதே சொல்லியிருக்கலாமே. இத்தனை வருஷம் இந்த வீட்டில் நான் யார்?

கேட்டுக்கொள். உன் கடிதம் வந்த அன்று மாமாவின் டம்ளரைத் தனியாக எடுத்து வைத்தேன். அவர் பார்த்துவிட்டார். அதை எடுத்து மற்ற டம்ளர்களோடு அடுக்கி, "கூட்டத்தோட நிக்கட்டும்மா" என்றார். முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் கண் பரிசோதனை என்று பொய் சொல்லி அவரைப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். நீ எழுதியதைத்தான் டாக்டரும் சொன்னார். ரத்தம் எடுத்துக்கொண்டு, உடனே திரும்ப ஆரம்பிக்கச் சொன்னார். எத்தனை மாசமாகப் போடவில்லையோ, அலமாரியில் பிரிக்காத டப்பாக்கள் இருக்கின்றன.

கொடுத்தால், "எனக்கு ஒண்ணும் இல்ல. யாரு சொன்னா உனக்கு?" என்று கையைத் தட்டிவிடுகிறார். வற்புறுத்தினால் கன்னத்தில் ஒதுக்கிவைத்து வாஷ்பேசினில் துப்பிவிடுகிறார். என்ன ரகசியம் என்பதே அவருக்கு மறந்துபோச்சு. அதைக் காப்பாற்ற வேண்டும் என்பது மட்டும் மறக்கவில்லை.

நான் என்ன செய்யட்டும், நீயே சொல்.
அண்ணி

மார்ச் 22

பாப்பாவுக்கு,

உன் பதில் வரும்வரை பொறுக்க முடியவில்லை. நேற்றுக் காலை மாத்திரையை நீட்டியதும் மாமா என்னை உற்றுப் பார்த்தார். "நீ முதல்ல போட்டுக்கோ தங்கம். நீ போட்டாத்தான் நான் போடுவேன்" என்று அதை என் வாய்க்கே கொண்டுவந்தார். நான் பின்னால் நகர்ந்தேன். என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு அழுதார். தங்கம் என்று அவர் யாரைக் கூப்பிடுவார் என்று நீதான் ஒருமுறை சொல்லியிருக்கிறாய்.

இன்றைக்கு என் கால்சியம் மாத்திரையை அவர் கண் முன்னாலேயே விழுங்கினேன். "நாக்கைக் காட்டு" என்றார். காட்டினேன். அதற்கப்புறம்தான் தன்னுடையதைப் போட்டு, தண்ணீர் குடித்து, அவரும் எனக்கு நாக்கைக் காட்டினார். அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

உள்ளே போய்விட்டது, அந்த மட்டும் சரி. ஆனால் இனி தினமும் காலையில் செத்துப்போன என் மாமியாராக நான் உட்கார வேண்டும். அத்தை ஏன் போடவில்லை பாப்பா? என்னதான் நடந்தது?

அண்ணி

ஏப்ரல் 10

அன்புள்ள அண்ணிக்கு,

அம்மாவுக்கும் இருந்தது. மஞ்சள் காமாலை என்று அண்ணனுக்குச் சொன்னது பொய். அவர் அப்போது விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரியில் மருந்து சும்மாதான் கொடுத்தார்கள். ஆனால் எல்லாரும் நடமாடும் வராந்தாவில் வரிசையில் நிற்க வேண்டும். அம்மா ஒரே ஒரு தடவை போனாள். வரிசையில் எதிர்வீட்டு அக்காவைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டாள். "நீங்க போடுங்க. நான் அடுத்த மாசம் ஆரம்பிக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். தினமும் காலையில் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அப்பா அவளிடம் கெஞ்சுவார். நான் வெளியே உட்கார்ந்து, தேய்த்த பாத்திரத்தையே திரும்பத் திரும்பத் தேய்ப்பேன்.

அந்த எதிர்வீட்டு அக்கா இன்னும் நன்றாக இருக்கிறார் அண்ணி. அவரும் மாத்திரைக்குத்தான் வந்திருந்தார்.

அம்மா போட்டுக்கொண்டாள் என்று இப்போதாவது அப்பா நம்பட்டும். உங்களிடம் இதைக் கேட்க எனக்கு வாயில்லை, ஆனாலும் கேட்கிறேன்.

பாப்பா

ஆகஸ்ட் 17

பாப்பாவுக்கு,

நீ வரிசையாகக் கடிதம் போட்டும் நான் பதில் எழுதவில்லை. எழுதக் கை வரவில்லை.

மாத்திரை இல்லாமல் கழிந்த மாசங்கள் சும்மா விடுமா? மே மாசம் மாமாவுக்கு விடாத இருமல். நான் கடையில் இருந்த நேரம் மூச்சு வாங்கி, உன் அண்ணன்தான் அதே பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார். மகனுக்குத் தெரியாமலா இருக்கும் என்று நினைத்து, எச்.ஐ.விக்கு என்ன மருந்து போடுகிறார் என்று அங்கே கேட்டிருக்கிறார்கள்.

வீட்டுக்கு வந்து மாடிப்படியில் உட்கார்ந்தவரிடம் நான் எல்லாவற்றையும் சொன்னேன். நோயைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. "எங்கம்மா எதுல செத்தாங்கன்னு என் தங்கச்சிக்குத் தெரியும், என் பொண்டாட்டிக்குத் தெரியும். எனக்குத்தான் தெரியாது" என்றார்.

மாமா தேறினார். ஆனால் வீட்டுக்கு வரவில்லை. உன் அண்ணன் அவரை நகரத்தின் அந்தக் கோடியில் ஒரு முதியோர் இல்லத்தில் சேர்த்துவிட்டார். "அங்க நர்ஸ் இருக்காங்க, நேரத்துக்குக் கொடுப்பாங்க" என்றார். கெஞ்சினேன், பட்டினி கிடந்தேன். ஒன்றும் எடுபடவில்லை.

கொஞ்ச நாளில் அந்த நர்ஸிடமிருந்து ஃபோன் வந்தது. "வாயத் திறக்கமாட்டேங்கிறார்ம்மா. தங்கம் போட்டாளான்னு கேக்கிறார். யாரும்மா தங்கம்?" ஞாயிற்றுக்கிழமை நான் போனால் போடுவார். மற்ற நாளெல்லாம் அவர் அங்கே பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பார். நான் இங்கே யார் காதிலோ கண்ணாடியை மாட்டிக்கொண்டிருப்பேன்.

நேற்றும் போனேன். நர்ஸ் வாசலிலேயே சிரித்தாள். "இந்த வாரம் அடமே இல்லம்மா. நீட்டினா வாங்கிப் போட்டுக்கிறார்." எனக்கு உயிர் வந்தது. உள்ளே போய் வழக்கம்போல அவர் எதிரில் உட்கார்ந்து, என் மாத்திரையை விழுங்கினேன். அவர் என்னை மரியாதையாகப் பார்த்தார். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரைப் பார்ப்பது மாதிரி.

"உடம்பு சரியில்லையாம்மா?" என்றார்.

"தங்கம் எங்க மாமா?" என்று நான்தான் கேட்டேன்.

"யாரு?" என்றார்.

நர்ஸ் மாத்திரையோடு வந்தாள். கையை நீட்டி வாங்கிப் போட்டுக்கொண்டார். யாரையும் எதிர்பார்க்கவில்லை.

உன் அண்ணனுக்கு நீயே எழுது. வீட்டு முகவரிக்கே எழுது. பதில் வராது என்று தெரிந்தே எழுது.

மாமா இனி ஒரு நாளும் தவறவிடமாட்டார் என்கிறாள் நர்ஸ். நீ என்னிடம் கேட்டது இதுதான். நல்ல செய்தி என்று சொல்லத்தான் பேனாவை எடுத்தேன் பாப்பா.

அண்ணி