தம்பியின் ஆட்டமும் திருத்தணியும்

திருப்பதி,
ஏப்ரல் 1960

அன்புள்ள நைனாவுக்கு, மகள் தாட்சாயணியின் வணக்கம். உங்கள் இருமல் குறைந்ததா? என் பள்ளி வேலை நன்றாகவே போகிறது.

கவலைப்படாதீர்கள், ஒரு சின்னச் செய்தி. தம்பி கோவர்த்தனன் கால்பந்து மைதானத்தின் நடுவில் நின்று ஆடுவதைப் பார்க்கவே கூட்டம் வருகிறது. மூச்சிரைக்காமல் ஓடுகிறான், பந்து காலுக்கு வருமுன்பே யாருக்குத் தள்ளுவதென்று அவனுக்குத் தெரிகிறது. ஆனாலும் அவனைச் சித்தூர் ஜில்லா அணியில் சேர்க்கவில்லை.

"உங்க திருத்தணிதான் மெட்ராஸுக்குப் போயிட்ச்சே, அங்க போய் ஆடுப்பா" என்று அணி தேர்வு செய்பவர்கள் சிரித்தார்களாம். மெட்ராஸ் பக்கம் கேட்டால், திருப்பதியில் படிப்பவன் வேண்டாமாம்.

"நான் இங்கதானேக்கா ஓடிக்கினு இருந்தேன்?" என்கிறான்.

அவனுக்கு நிஜார் குட்டையாகிவிட்டது. காக்கித் துணி அனுப்புங்கள். இந்த மாதம் நம் ஊர் ஆந்திராவை விட்டு மெட்ராஸோடு சேர்ந்ததற்கு நீங்கள் தெருவெல்லாம் சர்க்கரை கொடுத்ததாக அம்மா எழுதியிருந்தாள். அதை அவனிடம் நான் சொல்லவில்லை.

தபால் எடுக்க வந்துவிட்டார்கள்.

தாட்சாயணி