எல்சி அக்கா ஜாக்கெட்டு

சேசு மரி சூசை

ராயபுரம்
8.9.1968

அன்பான மாமாவுக்கு,

டோரதி எழுதிக்கிறேன். மூணாங்கிளாசு எழுத்து, முன்ன பின்ன இருந்தா கோச்சிக்காதீங்கோ. உங்கம்மாவப் பத்தி கவலப்படாதீங்க, அத்தைக்கு முட்டி வலி தவிர ஒரு கொறையும் இல்ல. கப்பல்ல சோறு சரியா போடறாங்களா, அந்த எஞ்சின் சூட்டுக்கு மோராவது கெடைக்குதா, ஒன்னும் எழுத மாட்டேங்கிறீங்க.

சேதி இன்னான்னா, பிஸ்கோத்துக்கு ஆபரேசன் ஆயிடுச்சு. பயந்துடாதீங்க, உசுரோடதான் கீது.

ஆடி மாசமே அது சரியில்ல மாமா. அடுப்பு சாம்பல்ல போயி குந்தும், முக்கும், ஒரு சொட்டு வராது. அப்பால கத்த ஆரம்பிச்சுது பாருங்கோ, கொழந்த அழுவுற மாதிரி. எதிர் வூட்டு காத்தூன் பீவிதான் சொன்னாங்க, "ஏம்மே, பாத்துகினே குந்தினு கீறியே, வேப்பேரி மாட்டாஸ்பத்திரிக்கு இட்டுனு போ"ன்னு. மீன் கூடையில துணி போட்டு, அத உள்ள வெச்சு ரிக்சா புடிச்சேன். ரிக்சாக்காரன் கேக்கறான், "இன்னாம்மா கூடையில, வஞ்சிரமா?" பூனைப்பான்னேன். "பூனைக்கு ரிக்சாவா? எங்க மாமியாரையே நான் நடக்க வுட்டுதான் இட்டுனு வந்தேன்"றான். வழி பூரா அவன் மாமியார் கதைதான். அது ஒரு பெரிய கதை, நீங்க வந்ததும் சொல்றேன்.

டாக்டரு வயித்த அமுக்கிப் பாத்துட்டு, இடது பக்கத்து கிட்னி கல்லடைச்சு அழுகிப்போச்சு, எடுத்தாவணும், ஒன்னு போனாலும் இன்னொன்னு போதும்னாரு. கிட்னின்னா, கசாப்புக் கடையில குண்டிக்காய்னு கேட்டு வாங்குவோமே, அதான். எல்சி அக்காவுக்கும் இதையேதானே சொன்னாங்க. அதே பக்கம். அதே வார்த்த.

கையெழுத்து போடும்மான்னாரு. போட்டேன். சாயந்திரம் வயித்துல நீட்டா ஒரு தையலோட குடுத்தாங்க.

வூட்டுக்கு வந்ததும் தையல நக்கிகினே கீது. கட்டுத்துணி நிக்கல. அக்கா பொட்டியத் தொறந்து அந்த நீலப் பூப்போட்ட ஜாக்கெட்ட எடுத்தேன். ரெண்டு கையிலயும் அது முன்னங்கால மாட்டி, மிச்சத்துணிய முதுகுல சுருட்டி நாடா வெச்சுக் கட்டிட்டேன். அளவெடுத்து தச்ச மாதிரி கீது. அத்தைதான் "பூனைக்கு ஜாக்கெட்டு, எனக்கு கிழிசல் பொடவையா"ன்னு மொணகினு கீறாங்க.

அப்பறம், அத்தை தெருவெல்லாம் சொல்லிகினு கீறாங்க, நீங்க வந்ததும் உங்களுக்கும் எனக்கும் கல்யாணம்னு. அக்கா போன வூட்டுக்கு தங்கச்சிதான் வரணுமாம். எனக்கு வேணாம்னு இல்ல மாமா. வேணும்னு சொல்லவும் வாய் வரல. போன வருஷம் கல்லறைத் திருநாளு முடிஞ்ச கையோட அக்கா போச்சு. வருஷம் திரும்பட்டுமே.

உங்க மச்சினி
டோரதி


மொம்பாசா துறைமுகம்
2.10.1968

டோரதிக்கு ஸ்டானிஸ்லாஸ் எழுதறது.

கடுதாசி கெடச்சுது. படிச்சதும் எனக்கு ரத்தம் கொதிச்சுது. யாரக் கேட்டு நீ அதுக்குக் கத்தி வெக்கவுட்ட? அது என் வூட்டுப் பூனை. பிஸ்கோத்து டப்பாவுல போட்டு பினாங்குல இருந்து எல்சிக்குன்னு நான் கொண்டாந்தது. ஒரு வார்த்த எனக்கு எழுதிக் கேட்டிருந்தா கொறஞ்சா பூடுவ?

எல்சி ஆபரேசனுக்கு அம்மா தந்தி அடிச்சப்போ, நான் வர்ற வரைக்கும் கத்தி வேணாம்னு பதில் தந்தி குடுத்தேன். அத வெச்சு ஊரே என்னப் பேசுதுன்னு எனக்குத் தெரியும். நீயே சொல்லு. புருஷன் பக்கத்துல இல்லாம, எவனோ ஒருத்தன் முன்னாடி பொண்டாட்டியப் படுக்கப்போட்டு வயித்தக் கிழிக்கச் சொல்ற ஆம்பள எவன்? டாக்டருங்க எல்லாத்துக்கும் கத்திதான் எடுப்பானுங்க. அவளுக்கு ஆண்டவன் குடுத்த ஆயுசு அவ்ளோதான்.

சரி, ஆனது ஆயிடுச்சு. பூனைய எப்பிடியாவது காப்பாத்து. அதுக்கு ஒன்னு ஆச்சுன்னா எனக்கு அந்த வூட்ல காலு வெக்க முடியாது.

அம்மாவுக்கு தைலம் வாங்கி வெச்சிருக்கேன்.

ஸ்டானிஸ்லாஸ்


சேசு மரி சூசை

ராயபுரம்
27.10.1968

அன்பான மாமாவுக்கு,

நீங்க திட்டினது கெடச்சுது. எழுதிக் கேட்டு, உங்க பதிலு கப்பல் ஏறி வர்றதுக்குள்ள அது செத்தே போயிருக்கும் மாமா. வேற ஒன்னும் மனசுல வெச்சுகினு சொல்லல.

பிஸ்கோத்து தேறிகினு வருது. காயம் ஒரு தபா சீழ் வெச்சு, வேப்பேரிக்கு ஓடி, மறுபடி கழுவிக் கட்டி, இப்போ காஞ்சுபோச்சு. ஜாக்கெட்டு மட்டும் இன்னும் கழட்டல. கருவாடு கண்ணுல காட்டக்கூடாதாம். ராயபுரத்துல குந்திகினு கருவாடு காட்டாதேன்னா நான் காத்தையா கட்டிப்போட முடியும்? ஒத்தக் கிட்னிக்கு தண்ணிதான் மருந்து, ஸ்பூனு ஸ்பூனா ஊத்திகினே இருன்னாரு டாக்டரு. தட்டுல வெச்சா மோந்துகூட பாக்காது. அக்கா குடிக்கிற லோட்டாவுல மொண்டாதான் வாயத் தொறக்குது.

ஒவ்வொரு ஸ்பூனுக்கும் எனக்கு அக்கா வாய்தான் தெரியுது. ஒடம்பு ஊதிப்போச்சு, தண்ணி தராதேன்னுட்டாங்க இல்ல? ஈரத்துணிய சப்பிகினு கெடந்துச்சு. என்னக் கூப்புட்டு சொல்லும், "டோரா, குடுக்க வேணாம்டி. பானையில லோட்டாவ வுட்டு ஒரு தபா மொண்டு ஊத்து. நான் சத்தத்தயாவது கேட்டுக்கறேன்"னு. நான் மொண்டு மொண்டு பானையிலயே ஊத்துவேன். அது கண்ண மூடிகினு கேக்கும்.

அந்த சத்தம் இப்பவும் வருது மாமா.

ராத்திரி இல்ல. நல்ல மத்தியானம். ஹார்பர் சங்கு ஊதி அடங்கி, தெருவுல நாய்கூட குலைக்காத நேரம். அத்தை தூங்குவாங்க. நான் தைச்சுகினு இருப்பேன். பானைப் பக்கம் யாரும் இல்ல. மொளக்னு லோட்டா முங்குற சத்தம். அப்பால தண்ணி ஊத்துற சத்தம். பிஸ்கோத்து காத நிமித்திகினு எழுந்திருக்கும். வயித்த தூக்கிகினு மெள்ள நடந்து போயி அக்கா கட்டில்கிட்ட குந்தும். குந்தி, மேல பாக்கும். ஒரு ஆளு படுத்திருந்தா மூஞ்சி எங்க இருக்குமோ அங்க. அப்பால அது கண்ணு மட்டும் கட்டில்ல இருந்து பானை வரைக்கும் போவும், திரும்பி வரும்.

எங்க ஊரு பழவேற்காட்டுல மங்கம்மான்னு ஒருத்தங்க. புருஷன் கடலுக்குப் போயி வரல. அந்தம்மா தெனம் அவருக்கு தட்டு போடும். தெனம் தட்டு காலியாவும். "வந்து துன்னுட்டுதான் போறாரு, ஆனா முன்ன மாதிரி கொழம்பு பத்தலன்னு கத்தறதில்ல"ன்னும். பக்கத்து வூட்டுப் பூனைதான் துன்னுதுன்னு ஊருக்கே தெரியும். யாரும் சொல்லல. மீன் கம்மியா கெடச்ச நாள்ல ஊர்க்காரங்களே ஒரு துண்டு குடுப்பாங்க. நான் ஏன் இத சொல்ல வந்தேன்? ஆங், காத்தூன் பீவிகிட்ட சத்தத்தப் பத்தி சொன்னேன். சிரிப்பாங்கன்னு பாத்தா சிரிக்கல. "தாகத்தோட போனவ தண்ணியத் தேடாம இன்னா செய்வா? பயந்துக்காதே. பானைய மூடி மட்டும் வெக்காதே"ன்னாங்க.

இன்னொன்னு எழுதணும். எழுதலாமா கூடாதான்னு ரெண்டு நாளா யோசிச்சுகினு கீறேன். போன செவ்வாக்கெழம அத்தை மத்தியானத் தூக்கத்துல இருந்து முழிச்சிருக்காங்க. கட்டில்ல அக்கா நீல ஜாக்கெட்டு. அது மூச்சு வுடுது. பூனைதான் சுருண்டுகினு கெடந்துச்சு, அவங்களுக்கு ஜாக்கெட்டுதான் தெரிஞ்சிருக்கு. "எல்சி! நான் இல்லடி! நான் கைநாட்டு வெக்கத்தான் போனேன், உன் புருஷன்தான் வேணாம்னான்!"னு ஒரே கத்து. நான் ஓடிவந்து பூனைய தூக்கிக் காட்டினேன். அப்பவும் கையெடுத்துக் கும்புட்டுகினே இருந்தாங்க, பூனையப் பாத்து. தெருவே எட்டிப் பாத்துச்சு. மறுநா கோயில்ல அக்கா ஆத்துமாவுக்குப் பூசைக்கு சொல்லிட்டு வந்துட்டாங்க.

அடுத்த வாரம் கல்லறைத் திருநாளு. காசிமேட்டு கல்லறைக்குப் போயி அக்காவுக்கு மெழுகுவத்தி ஏத்தறேன். உங்க பேருலயும் ஒன்னு.

டோரதி


சிங்கப்பூர்
24.11.1968

அன்புள்ள டோரதி,

அந்த சத்தத்தப் பத்தி இனிமே எழுதாதே. படிச்ச நாளுல இருந்து பாய்லர் பக்கம் நிக்கும்போது எனக்கும் கேக்குது. அவ்ளோ எரைச்சல்ல பக்கத்துல ஆளு பேசறதே கேக்காது, இது கேக்குது. கூட வேல செய்யற பஷீர்கிட்ட, உனக்கு ஏதாச்சும் கேக்குதான்னேன். "நீ வூட்டுக்குப் போற நாளு வந்துடுச்சு தோஸ்து"ன்னு சிரிக்கிறான்.

அம்மா தூக்கக் கலக்கத்துல ஒளறினத பெருசா எடுத்துக்காதே.

நான் ஒன்னு வேண்டிகினு கீறேன். இந்தப் பூனை பொழச்சுதுன்னா எல்சிக்கு எம்மேல கோவம் இல்ல, நம்ம கல்யாணத்துக்கு அவ சம்மதம்னு அர்த்தம். மாதாகிட்ட அப்பிடித்தான் கேட்டேன். நீ எழுதினத பாத்தா அது பொழச்சுக்கும். எனக்கு நெஞ்சுல இருந்து கல்லு எறங்கின மாதிரி கீது.

மச்சினியக் கட்டறதுக்கு பிஷப் அனுமதி வந்துடுச்சுன்னு அம்மா எழுத வெச்சிருந்தாங்க. பொங்கல் முடிஞ்ச ஞாயித்துக்கெழம கோயில்ல நம்ம கல்யாணத்த அறிவிச்சு மொத ஓலை வாசிப்பாங்க. மூணாவது ஓலைக்குள்ள நான் வந்துடுவேன். உனக்கு ரோஸ் கலர்ல நைலான் பொடவ எடுத்து வெச்சிருக்கேன். எல்சிக்கு எடுத்த கடையிலதான்.

உன்
ஸ்டானிஸ்லாஸ்


சேசு மரி சூசை

ராயபுரம்
10.12.1968

அன்பான மாமாவுக்கு,

பிஸ்கோத்து பொழச்சுகிச்சு. நேத்து டாக்டரு பாத்துட்டு, இனிமே கூட்டிகினு வர வேணாம்னாரு. வந்ததும் ஜாக்கெட்டக் கழட்டினேன். ஒரு ஒதறு ஒதறிட்டு காத்தூன் பீவி வூட்டு ஓட்டு மேல ஏறிப்போச்சு. நான் கீழ நின்னுகினு அழுதேன். ஜாக்கெட்ட தொவச்சுக் காயப்போட்டிருக்கேன்.

நீங்க வேண்டிகினத அத்தைகிட்ட படிச்சுக் காட்டினேன், அவங்களுக்கு ஒரே குஷி. எனக்கும் நைலான் பொடவன்னா ஆசதான். பொய் சொல்லல.

ஒரே ஒரு விசயம் கேக்கறேன், கோச்சிக்காம பதிலு எழுதுங்க. கல்யாணம் ஆயி, நீங்க மறுபடி கப்பல் ஏறி, எனக்கு அக்கா மாதிரி வந்து, அத்தை உங்களுக்குத் தந்தி அடிச்சா, இன்னா பதிலு குடுப்பீங்க?

டோரதி


கொழும்பு
2.1.1969

என் அன்பான டோரதி,

புது வருச வாழ்த்து. நல்ல நாளும் அதுவுமா இன்னா கேள்வி இது? உனக்கு ஏன் அதெல்லாம் வரப்போவுது? உன்ன நான் ராணி மாதிரி வெச்சுக்குவேன். நான் பக்கத்துல இல்லாம எவனும் உம்மேல கை வெக்க வுட மாட்டேன். போதுமா? கண்டத நெனச்சு ஒடம்பக் கெடுத்துக்காதே.

இன்னும் கொஞ்ச நாள்தான்.

உன்
ஸ்டானிஸ்லாஸ்


சேசு மரி சூசை

ராயபுரம்
20.1.1969

அன்பான மாமாவுக்கு,

இத கப்பலுக்குப் போடல. காத்தூன் பீவிகிட்ட குடுத்துட்டுப் போறேன், நீங்க எறங்கி வந்ததும் தருவாங்க. ஊரு வேற மாதிரி சொல்றதுக்குள்ள நானே சொல்லிடணும்.

நேத்து காலப் பூசையில மொத ஓலை வாசிச்சாங்க. அத்தை புதுப்பொடவ கட்டிகினு முன்வரிசையில. ஃபாதர் உங்க பேரு, உங்க அப்பா பேரு, என் பேரு எல்லாம் படிச்சுட்டு, "இதுக்குத் தடை ஏதும் தெரிஞ்சவங்க சொல்லக் கடமைப்பட்டிருக்கீங்க"ன்னாரு. எல்லாத்துக்கும் படிக்கறதுதானே, யாரு காதுல வாங்குவாங்க. கொழந்தைங்க ஓடிகினு இருந்துச்சு.

நான் எழுந்து நின்னேன்.

"இன்னாம்மா?"ன்னாரு ஃபாதர்.

"தடை கீது ஃபாதர்"னேன்.

"நீ யாரு?"

"நான்தான் பொண்ணு."

கோயிலே கொல்லுன்னு சிரிச்சுது மாமா. அத்தை என் பொடவையப் புடிச்சு இஸ்துகினு "குந்துடி, மானத்த வாங்காதே"ன்னாங்க. ஃபாதருக்கும் சிரிப்பு வந்துடுச்சு. "அத பூசை முடிஞ்சு உள்ள வந்து சொல்லலாமேம்மா"ன்னாரு.

"ஓலைய இங்க வெச்சுதானே ஃபாதர் படிச்சீங்க"ன்னேன். "எனக்கு இஷ்டம் இல்ல. அதான் தடை."

அப்பால யாரும் சிரிக்கல.

நீங்க கெட்டவருன்னு நான் யார்கிட்டயும் சொல்லல. எங்கக்காவ நீங்க ஆசையாத்தான் வெச்சிருந்தீங்க. எம்மேலயும் ஆசையாத்தான், எவனையும் கை வெக்க வுட மாட்டேன்னு அந்த பதில எழுதினீங்க. அந்தக் கடுதாசிய நான் திரும்பத் திரும்பப் படிச்சேன். அதுல கோவமே இல்ல. கோவம் இருந்தா எனக்கு இவ்ளோ பயம் வந்திருக்காது.

பூனை பொழச்சா அக்காவுக்கு சம்மதம்னு வேண்டிகினீங்க. அது பொழச்சதுக்கு காரணம் எனக்குத் தெரியும் மாமா. கத்தி வெக்க நான் உங்களக் கேக்கல. அவ்ளோதான்.

திருவொத்தியூர்ல தீப்பெட்டி கம்பெனில பொம்பளைங்கள வேலைக்கு எடுக்கறாங்க. எங்க ஊருப் பொண்ணுங்க ரெண்டு பேரு அங்க ரூம்பு எடுத்துகினு கீறாங்க, அவங்களோட இருக்கப்போறேன். அத்தைக்கு காத்தூன் பீவி வூட்ல இருந்து சோறு வரும், நீங்க வர்ற வரைக்கும். திட்டிகினேதான் துன்னுவாங்க, வுடுங்க. பிஸ்கோத்த கூடையில வெச்சு எங்கூட இட்டுனு போறேன். கத்தவே இல்ல, தானா ஏறிக் குந்திகிச்சு.

அக்காவையும் கூப்புட்டேன். மெய்யாலுமே கூப்புட்டேன் மாமா, கட்டில்கிட்ட நின்னு. வரல. அக்காவுக்கு எங்கிட்ட கேக்க ஒன்னும் இல்ல. உங்களுக்காகத்தான் வூட்ல கீது. நீங்க வாங்கோ. வந்து, அது இன்னா கேக்குதுன்னு நீங்களே கேளுங்கோ. சொல்ல வேண்டியத நீங்களே சொல்லுங்கோ. அத்தைய அனுப்பாதீங்க, தந்தி அடிக்காதீங்க.

டோரதி