சாப்ட்னர் போடாத குழாய்

இன்று காலை பல்கூட விளக்காமல் கீழே இறங்கி, ஷட்டரைத் தூக்கி, நாடா மிஷின்மேல் போர்த்தியிருந்த துணியை எடுத்தேன். ஊசி எண்ணெய் வாசம் முகத்தில் அடித்தது. நீ போனதிலிருந்து அந்தப் பக்கமே போகாமல் இருந்தேன்.

தொப்பி வைத்த ஹூடி பனியனின் கழுத்தில் தொங்கும் நாடாவைக் குழாயாகப் பின்னித் தள்ளும் சின்ன மிஷின். பனியன் தைக்கும் நம் நல்லூரில் தெருவுக்கு ஒன்று உண்டு. இதில் ரத்தக் குழாய் பின்னலாம் என்று சொன்னவள் நீ ஒருத்திதான்.

கல்லூரி விடுதியில் முதல் வாரமே நெஞ்சுத் தழும்பைக் காட்டினாய். பிறவியிலேயே உன் இதயத்திலிருந்து நுரையீரலுக்குப் போகும் குழாய் சரியில்லை. துணியில் ஒன்று செய்து வைத்திருந்தார்கள். துணி வளராது, நீ வளர்ந்தாய். "வளர்ற புள்ளைக்குப் பாவாடை பத்தாம போறாப்பல எனக்குக் கொழாய் பத்தாம போகுது, புள்ள. ஒவ்வொருக்கா மாத்தவும் நெஞ்சைப் பொளக்கோணும்" என்றாய், ஏதோ தையற்கடைக் கதை சொல்வதுபோல.

அதனால்தான் பின்னாளில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தைத் தேடிப் போனாய். உடம்பில் மெல்லக் கரையும் நூலில் குழாய் பின்னி, அதன்மேல் உயிரணுக்களை வளர்க்கிறார்கள். நூல் கரையக் கரைய அந்த இடத்தில் சொந்தச் சதை பிடிக்கும், குழந்தையோடு குழாயும் வளரும் என்பது அவர்கள் நம்பிக்கை. அந்த நூலைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தாய். ஊசிகளை மாற்றினோம், அறுந்த இழைகளைத் திட்டினோம். கடைசியில் சுண்டுவிரலைவிட மெல்லிய குழாய் இறங்கியது.

அனுப்பும் முன் நான் ஒன்று செய்தேன். நம் ஊரில் சாப்ட்னர் போடாமல் துணி வெளியே போகாது. ஆர்டர் கொடுக்க வரும் பையர் தொட்டால் மெத்தென்று இருக்க வேண்டும். இருபது வருடப் பழக்கத்தில், யோசிக்காமலே அந்தக் குழாய்களையும் சாப்ட்னர் தண்ணீரில் முக்கி எடுத்தேன்.

ஆராய்ச்சிக்கூடத்துப் பெண் போனில் சொன்னாள்: "மேடம், ஒரு செல்கூட ஒட்டலைங்க. எத்தனை அலசியும் வழவழன்னே இருக்குதுங்க."

நான் அழுதேன். நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். "ஏம்புள்ள, இதயம் என்ன பையரா, தடவிப் பாத்து ஆர்டர் குடுக்க? அடுத்ததைச் சொரசொரன்னே அனுப்பு."

அடுத்ததைப் பின்னும் முன் உனக்கு நான்காவது ஆபரேஷன். அதிலிருந்து நீ திரும்பவில்லை. துக்கத்துக்கு வந்தவர்கள் விதி என்றார்கள். அளவு பத்தாமல் போன குழாயை விதி என்று ஒப்புக்கொள்ள என்னால் முடியாது. அது முடியாமல் கிடக்கிற வேலை.

நேற்று என் கணவர் சொன்னார்: "அம்மிணி, அவளே போயிட்டா, மிஷின் என்னத்துக்கு? நாளைக்குப் பதினோரு மணிக்குப் பழைய மிஷின் வாங்கறவரு வர்றாரு. நாம பனியன்காரங்க, டாக்டரு இல்ல." நான் தலையாட்டிவிட்டேன்.

ஆனால் இன்று காலை, நீ வைத்துவிட்டுப் போன நூற்கண்டை மாட்டி ஒரு சாண் பின்னினேன். வெறும் தண்ணீரில் அலசிக் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். சொரசொரவென்று இருந்தது. இது ஒரு குழந்தையின் நெஞ்சுவரை போய்ச் சேர எத்தனையோ வருடம் ஆகலாம், சேராமலும் போகலாம். ஆகட்டும்.

பதினோரு மணிக்குப் பழைய மிஷின் வாங்குகிறவர் வரும்போது இந்த மிஷின் ஓடிக்கொண்டிருக்கும். மேலே காபி கேட்டுக் கூப்பிடுகிற என் கணவருக்கு இன்னும் தெரியாது.