பாலு காலியாய் விட்ட இடம்

9-2-2006, வியாழன்

விடியலில் கடும் பனி. வெயில் ஏறியும் ஈரம் காயவில்லை. கரும்பு வெட்டுக்குப் போகவில்லை. தோகை கிழித்த கை இன்னும் எரிகிறது. மஞ்சள் வைத்தேன்.

உளுந்து புடைக்க வேண்டும். ஆட்டுக்குத் தழை. பாலு சட்டை இரண்டு இன்னும் கொடியிலேயே. எடுக்க மனம் வரவில்லை.

மதியம் அந்தப் பெண் வந்தாள். மலர்விழி. அரியலூர்க்காரி. பெரம்பலூர்க் கல்லூரியில் பாலுவோடு படித்தவள். கடைசி வருடத்துக்கு இரண்டு பேரும் சேர்ந்து ஒரு கம்ப்யூட்டர் வேலை செய்தார்களாம். என் பிள்ளை காய்ச்சலில் போய்விட்டான். இவள் தனியாக முடித்துக் காட்ட வேண்டுமாம். எழுதினது எல்லாம் இங்கே அவன் கம்ப்யூட்டர் பெட்டியில்தான் இருக்கிறதாம். பிளாப்பி போடுகிற இடம் கெட்டுப் போனதால் எடுத்துப் போகவும் முடியாதாம்.

கேட்காமலே அவன் நாற்காலியில் உட்கார்ந்தாள். பெட்டியை எப்படிப் போடுவது என்று நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பின்னால் கை விட்டு ஒரு வயரை ஆட்டினாள், வெளிச்சம் வந்துவிட்டது. வயரை ஆட்ட வேண்டும் என்று அவளிடம் சொல்லியிருக்கிறான். என்னிடம் சொல்லவில்லை.

திரையைப் பார்த்துச் சிரித்தாள்.

"என்ன சிரிப்பு?"

"இல்லம்மா, பாலு எழுதி வெச்சிருக்கறதப் பாத்தேன். எல்லாத்துக்கும் இப்புடித்தான் ரயில் வண்டி மாதிரி நீட்டமா பேரு வெப்பான்."

எட்டிப் பார்த்தேன். இங்கிலீஷ். நான் ஐந்தாவதோடு நின்றவள், அதில் ஒரு எழுத்தும் ஓடவில்லை. பெற்றது நான். படித்துச் சிரிப்பது அவள்.

அடுத்த வீட்டு அஞ்சலை வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, "என்னக்கா, மருமவ வந்துட்டாப்புல?" என்றாள். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

11-2-2006, சனி

திரும்ப வந்தாள். பூ வைத்திருந்தாள். கனகாம்பரம்.

என் வீட்டுக்காரர் முக்காலியை இழுத்து அவள் பக்கத்தில் போட்டுக்கொண்டார். பிள்ளை போனதிலிருந்து என்னிடம் சோறு, தண்ணீர் தவிர வேறு பேச்சில்லை. அவளிடம் மட்டும் கேள்வி மேல் கேள்வி.

கரும்பு போட்டவர்கள் பேர், ஊர், ஏக்கர், நட்ட தேதி, இதெல்லாம் ஒரே வரியாக இருக்குமாம். நடுவில் கமா. கரும்பை வெட்டச் சொல்லி ஆலையிலிருந்து யாருக்கு முதலில் கட்டிங் ஆர்டர் வர வேண்டும் என்று அந்தப் பெட்டி சொல்ல வேண்டும். அதற்கு வரியைத் துண்டு துண்டாகப் பிரிக்க வேண்டுமாம்.

"துண்டுக்கு டோக்கன்னு பேருங்கப்பா."

"ரேசன் கட டோக்கனா?"

"பேரு மட்டும் அதாங்க. நாங்க எழுதற கம்ப்யூட்டர் பாஷைக்கு ஜாவான்னு பேரு, அதுல இதுக்குன்னே ஒரு ஆளு உண்டு. வரிய அவங்கிட்ட குடுத்துட்டா போதும். நாம 'அடுத்தது குடு, அடுத்தது குடு'ன்னு கேக்கக் கேக்க ஒவ்வொண்ணா எடுத்துக் குடுப்பான்."

"பரவால்லையே. கேட்டா குடுக்குறானே," என்றார். சிரித்தார். அவர் பல்லைப் பார்த்து எவ்வளவு நாளாகிறது. எனக்குக் குமுறிக்கொண்டு வந்தது.

ஓட விட்டாள். சிவப்புச் சிவப்பாய் எழுத்து கொட்டி நின்றுவிட்டது. மறுபடி, மறுபடி. கடைசியில் கண்டுபிடித்தாள். இவர் பேர் இருக்கிற வரியில்தான் நிற்கிறது.

எங்களுக்கு ஏது கரும்பு? காணி நிலம் இல்லை. ஊரார் கொல்லையில் வெட்டுகிறோம். ஆனாலும் பாலு எல்லார் பேருக்கும் கீழே அப்பா பேரைப் போட்டிருக்கிறான். ஏக்கர் இடத்தைக் காலியாய் விட்டிருக்கிறான். அதுதான் அவன் கடைசியாய் அடித்த வரியாம். படுக்கையில் விழுவதற்கு முதல் நாள்.

அவர் முகத்தைத் துண்டில் புதைத்துக்கொண்டார்.

"எம் பேரு எங்க?" என்று கேட்டேன். வெட்கமாய்த்தான் இருந்தது. கேட்டுவிட்டேன்.

"இது வெவசாயிங்க பேரு மட்டுந்தாம்மா."

அவர் மட்டும் விவசாயியா? ஒரே அரிவாள்தானே இரண்டு பேருக்கும்.

ஏன் நிற்கிறது என்று அவர் கேட்டதற்கு அவள் சொன்னது: "பந்தில ஒரு எலைக்கு ஆளு வரலன்னா, 'நகந்து உக்காருங்க'ன்னு சொல்லி அடுத்தவரை அங்க உக்கார வெச்சிருவோம்ல. இவனும் அப்புடித்தான். காலியா ஒரு எடம் இருந்தா இல்லவே இல்லன்னு நெனச்சுக்குவான். ஏக்கர் எடத்துக்குத் தேதி நகந்து வந்துருது. தேதி எடத்துக்கு ஆளில்ல. அதான் நிக்குது."

அதைக் கேட்டுவிட்டு அடுப்படிக்கு வந்துவிட்டேன். புகை என்று கண்ணைத் துடைத்தேன். அடுப்பு மூட்டியிருக்கவில்லை.

அங்கிருந்தே கேட்டது.

"ஏக்கருக்கு சைபர் போட்டுட்டா ஓடிரும்பா."

"சைபர் போடாதம்மா. அவன் காலியாத்தான் உட்டிருக்கான். சைபர்னா இல்லன்னு ஆயிரும். காலின்னா பின்னால எதாச்சும் போட்டுக்கலாம்."

"அப்ப வரியத் துண்டு துண்டா வெட்டறதுக்குப் பாலு எழுதுன வெட்டை அழிச்சிட்டு நான் வேற எழுதணும். நாளைக்கு வரேன்."

அழிச்சிட்டு. எத்தனை லேசாய்ச் சொல்கிறாள்.

12-2-2006, ஞாயிறு

அவர் விடியலிலேயே லோடு ஏற்றப் போய்விட்டார். நான் வீட்டைப் பூட்டினேன். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு வெட்டுக்குப் போனேன். கை வலித்தது. போனேன்.

பொழுது சாய வந்தால் வாசலில் உட்கார்ந்திருக்கிறாள். அஞ்சலை வீட்டு டம்ளர் பக்கத்தில்.

"எங்கக்கா போன? இந்தப் பொண்ணு காலைலேந்து காத்துக் கெடக்கு. ஒரு வாய் சோறு திங்க மாட்டேங்குது," என்று அஞ்சலை.

"பஸ்ஸு இருக்குல்ல, போவ வேண்டியதுதானே," என்றேன்.

அவள் எழுந்தாள். "தெரிஞ்சுதாம்மா பூட்டிட்டுப் போனீங்க?"

"ஆமா. எம் புள்ள எழுதுனத அழிக்க நீ யாரு? அவன் கையி பட்டது அது ஒண்ணுதான் மிச்சம்."

"அவன் இருந்தா அவனே அழிச்சிருப்பாம்மா! தப்பு வந்தா மாத்துறதுதான் அவனுக்கு வேல. ராவெல்லாம் ஒக்காந்து மாத்துவான், காலைல என்னத் திட்டுவான்."

"ஒனக்கு எல்லாந் தெரியும். போ."

போகவில்லை. நின்றாள்.

"ஒங்களுக்கு அழுவ வீடு இருக்கும்மா. தெருவே வந்து ஒங்களக் கட்டிப் புடிச்சு அழுவுது. சாவன்னைக்குக் கூட நான் வெளியதான் நின்னேன். எங்க வூட்ல யாருக்கும் தெரியாது. நான் பஸ்லதான் அழுவுறேன். இங்க எறையூர்லேந்து பெரம்பலூர் வரைக்கும். அப்பறம் மூஞ்சக் கழுவிட்டு அடுத்த பஸ்ல ஏறுவேன்."

போய்விட்டாள். அஞ்சலை டம்ளரை எடுத்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பாராமல் போனாள்.

13-2-2006, திங்கள்

சிறுவாச்சூர்க் கோயிலில் இன்று நடை திறப்பு. அஞ்சலை போனாள். கூப்பிடவில்லை.

சோறு குழைந்துவிட்டது. ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு போய் அடுத்த கொல்லையில் மேய்ந்து, அதற்கு ஏச்சு வேறு.

அவளுக்குத் தெரிந்தது: இங்கிலீஷ். வயரை ஆட்டுவது. அவன் ராத்திரியெல்லாம் என்ன செய்தான் என்பது. அவன் திட்டு. (என்னை ஒரு நாளும் திட்டினதில்லை. அதற்கும் பொறாமையாய் இருக்கிறது.)

எனக்குத் தெரிந்தது: பால் பல் விழுந்தது. தலையில் தழும்பு எதனால் என்பது. கடைசியில் கை எப்படிச் சில்லிட்டது என்பது. அது அவளுக்குக் கிடைக்கவில்லை. அதை நினைத்து ஒரு நேரம் சந்தோஷம் வந்தது. கழுதை ஜென்மம் நான்.

பஸ்ஸில் அழுகிறாளாம். ஜன்னல் பக்கம் இடம் கிடைக்குமா, தெரியவில்லை.

அவரிடம், "அந்தப் பொண்ண வரச் சொல்லுங்க" என்றேன். பூத்துக்குப் போய் போன் போட்டார்.

16-2-2006, வியாழன்

காற்று. வாசலெல்லாம் சருகு.

மலர்விழி வந்தாள். பூ இல்லை. நாற்காலி பக்கம் போகாமல் நின்றாள். "ஒக்காரு" என்றேன்.

"அழிக்க வேணாம்மா. வழி யோசிச்சுட்டு வந்தேன்," என்றாள். அவன் எழுதின வரிக்கு முன்னால் சாய்ந்த கோடு இரண்டு போட்டாள். அந்த வரி முழுசும் பச்சையாய் மாறியது.

"இனிமே பெட்டி இதப் படிக்காது, தாண்டிப் போயிரும். ஆனா வரி இங்கயே இருக்கும். மனுசங்க படிக்கலாம்."

அதற்குக் கீழே அவளுடையதை எழுதினாள். இந்த வெட்டு காலி இடத்தையும் ஒரு இடமாய் வைத்துக்கொள்ளுமாம். யாரையும் நகர்ந்து உட்காரச் சொல்லாதாம். ஓட விட்டாள். சிவப்பு வரவில்லை. இவர் பேர், ஊர், அப்புறம் ஒன்றுமில்லாத ஒரு இடம், தேதி.

"அவன் எழுதுனத வாய் விட்டுப் படி," என்றேன்.

மேலேயிருந்து படித்தாள். இங்கிலீஷ்தான். ஒன்றும் விளங்கவில்லை. சில இடத்தில் நிறுத்திவிட்டுத் திரும்பத் தொடங்கினாள். உளுந்து அப்படியே முறத்தில் இருந்தது. கடைசி வரை கேட்டேன்.

எல்லா வரியையும் நோட்டில் பார்த்து எழுதிக்கொண்டாள், கல்லூரிப் பெட்டியில் அப்படியே அடிப்பாளாம். சாப்பிட்டுவிட்டுப் போனாள். கத்தரிக்காய்க் குழம்பு. இரண்டாம் தரம் கேட்டு வாங்கினாள். பாலு இந்தக் குழம்பைப் பற்றி இவளிடம் என்ன சொல்லியிருப்பான்? கேட்கவில்லை.

20-2-2006, திங்கள்

மேகம், மழை இல்லை. இன்று கல்லூரியில் காட்டுகிற நாள். வெட்டில் கை ஓடவில்லை. மேஸ்திரியிடம் பேச்சு வாங்கினேன்.

அந்திக்கு மலர்விழி நேராக இங்கேதான் வந்தாள். தெரு முனையிலேயே சிரிப்பு.

"ஓடுச்சும்மா! ஒரு எடத்துலயும் நிக்கல."

"ரெண்டு பேரு பேரையும் போட்டாங்களா?" என்று இவர் கேட்டார்.

"போட்டாச்சுப்பா. மொதல்ல அவன் பேருதான்."

பார்க்க வந்த சார் பச்சை வரியில் விரலை வைத்தாராம். வேலை செய்யாத வரி எதற்கு, எடுத்துவிடு என்றாராம்.

"நீ என்ன சொன்ன?"

"'இது பாலு எழுதுனது சார். இங்கதான் இருக்கும்'னேன். அவரு கையெழுத்துப் போட்டுட்டாரு."

இவர் அவள் தலையில் கை வைத்தார். நான் காப்பி போட எழுந்தேன். நல்ல பதில்தான். அதைச் சொல்லியிருக்க வேண்டியவள் நான்.