மறுகாப் பாப்பம்

ஆகஸ்ட் 9, சனி

விடியவே கச்சான் காற்று. வாவிப் பக்கமிருந்தும் அனல்தான். சிமெந்துத் தளம் சப்பாத்தைத் தாண்டிச் சுட்டது.

பெண்கள் கூடைப்பந்து அரையிறுதி. நடுவர் நான். புளியந்தீவு அணி வெற்றி. இரண்டு நிமிடம் இருக்கையில் அவர்களின் கப்டன் திலானிக்கு பவுல் கொடுத்தேன், இடித்ததற்கு. பந்தை நிலத்தில் ஓங்கி அடித்தாள். என்னைப் பார்த்து, "மறுகாப் பாப்பம், மிஸ்" என்றாள்.

யாரை வெருட்டுகிறாள்? பதினான்கு வருடமாக விசில் ஊதுகிறேன். வெளியே அனுப்பினேன். கூட்டம் கூவியது. கூவட்டும்.

வாங்க: எலுமிச்சங்காய், முழங்காலுக்கு எண்ணெய், சவர்க்காரம்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

பூசையில் மனம் நிற்கவில்லை. கூடைப்பந்துச் சங்கத்துச் செயலாளர் போன். யாழ்ப்பாணத்துக்காரர், இங்கே மாற்றலாகி வந்து ஆறு மாதம். நேற்று நான் எழுதிக் கொடுத்த அறிக்கையை வாசித்துவிட்டுக் கேட்கிறார்: "மறுகா எண்டா என்ன, மிஸ்?"

"பிறகு" என்றேன்.

அப்படியென்றால் 'பிறகு பார்த்துக்கொள்கிறேன்' என்று வெருட்டியிருக்கிறாள், அப்படித்தானே என்றார். ஓம் என்றேன். ஒரு வருடத் தடை வருமாம். இறுதிப் போட்டியும் இல்லை. வியாழன் விசாரணை.

நல்லது. வேணும் அவளுக்கு.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

கந்தோரில் பைல்களுக்கு நடுவே முழுநாளும் தலையிடி. இரவுச் சாப்பாடு, இறால் குழம்பு. இவர் கரண்டியோடு நின்று, "மறுகாக் கொஞ்சம் போடவா?" என்றார்.

சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்தேன்.

மறுகா: பிறகு. மறுகா: இன்னொரு தரம். பிறந்ததிலிருந்து இரண்டுக்கும் எங்கள் வாயில் இந்த ஒரு சொல்தான். அந்த மனிதருக்கு ஒன்றை மட்டும் சொன்னேன். மற்றது தெரியாமலா? இன்னொரு தரம் யோசித்துப் பார்க்கச் சொல்லித்தான் கேட்டிருக்கிறாள். வெருட்டுகிற முகமா அது? அழப்போகிற முகம்.

யாரோ எடுத்த வீடியோ வட்ஸ்அப்பில் கிடந்தது. மூன்று தரம் பார்த்தேன். திலானி நின்ற இடத்திலேயே நிற்கிறாள். மற்றவள்தான் ஓடிவந்து மோதுகிறாள்.

வீடியோ எடுத்தவன் மேல் ஆத்திரம். அந்தச் செயலாளர் மேல் ஆத்திரம். என் நாக்கை அறுத்தால் என்ன. இவரிடம் காரணமில்லாமல் எரிந்து விழுந்தேன். பாவம், குழம்பு நன்றாகத்தான் இருந்தது.

ஆகஸ்ட் 14, வியாழன்

மூன்று மணி, விசாரணை. மேசைக்கு அந்தப் பக்கம் நான்கு பேர். எழுந்து சொன்னேன்: அந்தச் சொல்லுக்கு இரண்டு கருத்து, கோபத்தில் ஒன்றை மறைத்தது நான். செயலாளரின் முகம் கறுத்தது. இதை ஞாயிற்றுக்கிழமையே சொல்லியிருக்கலாமே என்றார். சொல்லியிருக்கலாம்தான்.

முடிவு: திலானிக்குத் தடை இல்லை, எச்சரிக்கை மட்டும். சனிக்கிழமை இறுதிப் போட்டிக்கு நடுவர் வேறு ஆள்.

வெளியே படியில் அவள் நின்றாள். நன்றி சொல்ல வந்தாளாம். வேண்டாம், பந்தை அடித்தது பிழைதான் என்றேன். ஒத்துக்கொண்டாள்.

"அந்த பவுல், மிஸ்?"

"என்ட பிழை."

இரண்டு படி இறங்கித் திரும்பினாள்.

"அண்டைக்கு 'என்ன, சொல்லு' எண்டு ஒருக்காக் கேட்டிருந்தாப் போதும், மிஸ்."

கேட்க ஐந்து விநாடிகூட ஆகியிருக்காது. அவள் சொன்னது சரி. அதற்கும் எனக்குக் கோபம்தான் வந்தது.